அன்றாடப் பாவ அறிக்கை: ஆலோசனை வேண்டும்
அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். எங்கள் வாலிபர் ஜெபக்குழுவில் பாவ அறிக்கை என்றாலே, "தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்களை மன்னியும் ஆண்டவரே" என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. தப்பித்துக்கொள்ள அம்மாவிடம் போனில் சொன்ன சின்னப் பொய், எதிரில் இல்லாதவரைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசிய புறணி, இதெல்லாம் யாருக்கும் உறுத்துவதில்லை. பாவங்களை அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்னும் 1 யோவான் 1:9 வசனம் எல்லாருக்கும் மனப்பாடம்தான். ஆனால் வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திரும்பச் செலுத்த முன்வந்தானே (லூக்கா 19:8), அந்த மாதிரி மனந்திரும்புதல் வரவேண்டும் என்று ஏங்குகிறேன்.

யாக்கோபு 5:16-இன்படி ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லலாமா? சொன்னது வெளியே கசிந்தால் ஒரு பிள்ளை நொறுங்கிப்போகுமே, அந்தப் பயமும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் எப்படித் தொடங்கினீர்கள்? இரண்டிரண்டு பேராகவா, அல்லது முதலில் தனியாக எழுதச் சொல்லியா? தயவுசெய்து சொல்லுங்கள்.