கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு வரவு செலவுக் கணக்கும் பாடமாக வேண்டுமா?

இறுதியாண்டு:
ஐந்தரை ஆண்டுப் படிப்பில் நாலரை ஆண்டு வகுப்பு முடிந்து, இப்போது உள்ளிருப்புப் பயிற்சியில் இருக்கிறேன். சென்ற வாரம் ஒரு கிராமத்தில் ஒரு பெரியவர் தன் கலப்பின மாட்டைக் காட்டினார். மூன்று முறை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. பரிசோதித்தோம், காரணங்களைச் சொன்னோம், மருந்து எழுதினோம். எல்லாம் முடிந்த பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: "இதை இன்னும் வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா?" என்னிடம் பதில் இல்லை.

மாடு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும் என்பது இரண்டாம் ஆண்டிலிருந்தே தெரியும். ஒரு பருவம் தவறினால் அவருக்கு எவ்வளவு போகிறது என்று நான் கூட்டிப் பார்த்ததே இல்லை. தீவனம், வைக்கோல், பசும்புல் எல்லாம் சேர்த்து நாளைக்கு 150 ரூபாய் என்றால் ஒரு பருவத்துக்கு 3,150 ரூபாய். மூன்று பருவத்துக்கு 9,450. இந்தக் கணக்கை விடுதிக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் போட்டேன். பெரியவருக்கு அது அன்று காலையே வேண்டியிருந்தது.

விரிவாக்கக் கல்வித் துறையில் கால்நடைப் பொருளாதாரம் படித்தோம். வரையறைகளை மனப்பாடம் செய்து தேறினோம். உண்மையான கொட்டகைக் கணக்கையும் ஒரு கிளினிக்கை நடத்தும் கணக்கையும் படிப்பிலேயே முறையாகக் கற்றுத்தர வேண்டும் என்பது என் கருத்து. மூத்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழைய மருந்தகம்:
அம்மா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். கருத்தை ஏற்கவில்லை. 31 ஆண்டுகள் அரசு கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்தவன் நான். என் கடைசி ஐந்தாறு ஆண்டுகளில் புதிதாகச் சேர்ந்த இளம் மருத்துவர்களில் சிலர், மாட்டுக்குள் கைவிட்டுச் சினை பார்க்கவே தயங்கினார்கள். கல்லூரியில் போதுமான மாடுகளில் பழகவில்லை என்று அவர்களே சொன்னார்கள். கருப்பை முறுக்கிக்கொண்ட எருமை ஒன்று நள்ளிரவில் படுத்துக் கிடக்கும்போது, உருட்டிச் சரிசெய்வதா, வயிற்றைக் கிழித்துக் கன்றை எடுப்பதா என்று கைதான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கையைப் பழக்கவே நேரம் போதவில்லை. கணக்குப் பாடத்துக்கு எந்த நேரத்தை வெட்டப் போகிறீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசு மருந்தகத்தில் ஏழையின் ஒற்றைப் பசுவுக்கும் பண்ணைக்காரரின் பசுவுக்கும் ஒரே மருத்துவர்தான். கட்டணம், லாபம் என்று 19 வயதிலேயே ஊட்டினால், மாட்டைப் பார்க்கும் முன்பு கொட்டகையின் கூரை ஓடா, ஓலையா என்று பார்க்கிறவன்தான் உருவாவான். அதைக் காணும் நாள் எனக்கு வேண்டாம்.

சிறுநகர் கிளினிக்:
ஐயா, வணக்கம். நான் தனியார் மருத்துவர். என் முதல் கிளினிக்கை மூன்றாவது ஆண்டில் மூடினேன். நோயைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் மூடவில்லை.

எக்ஸ்ரே கருவியைக் கடனில் வாங்கினேன். மாதத் தவணை 18,000 ரூபாய். ஒரு படத்துக்கு 400 ரூபாய் வாங்கினேன். மாதம் 45 படம் எடுத்தால்தான் தவணைக்கே சரியாகும், மின்சாரமும் என் உழைப்பும் தனி. என் ஊரில் மாதம் பத்துப் பன்னிரண்டு நாய்களுக்கு மேல் படம் எடுக்கும் தேவையே வரவில்லை. 18,000-ஐ 400-ஆல் வகுப்பதற்குப் பட்டப்படிப்பு வேண்டாம்தான். ஆனால் வாங்குவதற்கு முன்பு வகுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் அப்படித்தான். பத்து நாய்களுக்கான பெரிய குப்பி, ஊசி ஒன்றுக்கு என்று பார்த்தால் மலிவு. அதையே வாங்குவேன். திறந்த அன்று மூன்று நாய்கள் வரும், மீதியைக் கொட்டிவிடுவேன். இரண்டு முதல் எட்டு டிகிரிக் குளிரில் வைக்க வேண்டிய மருந்து, இரவெல்லாம் மின்சாரம் போன இரண்டு கோடைகளில் மொத்தமாக வீணானது. கடைசியில் என் கையில் மிஞ்சியது, "அப்புறம் தருகிறேன் டாக்டர்" என்றவர்களின் பெயர்கள் நிறைந்த ஒரு நீல அட்டை நோட்டு.

நான் மூடியதும் அந்த ஊருக்கு அடுத்த தனியார் மருத்துவர் 22 கிலோமீட்டர் தள்ளி. கூரையைப் பார்க்கிறவள் ஆகாமலே இருந்தேன் ஐயா, ஊரை மருத்துவர் இல்லாமல் விட்டுவிட்டேன்.

முட்டைக்கணக்கு:
நாமக்கல்லில் கோழிப் பண்ணை மருத்துவர் நான். முட்டைக் கோழி ஒன்று நாளைக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் தின்னும். 50,000 கோழி உள்ள பண்ணையில் ஒரு கோழி ஒரு கிராம் கூடுதலாகத் தின்றால் நாளைக்கு 50 கிலோ. கிலோ 30 ரூபாய் என்றால் 1,500 ரூபாய். முட்டை விலையைத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது, அதில் பண்ணையாளர் கையில் எதுவும் இல்லை. செலவுதான் அவர் கையில் இருப்பது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் முதலாளி என்னிடம் நோயைப் பற்றிக் கேட்கவில்லை, தீவனக் கணக்கைக் கேட்டார். விழித்தேன்.

பழைய மருந்தகம்:
தம்பி, உங்களை வேலைக்கு வைத்தவர்கள் அதைக் கற்றுத்தரட்டும். பொதுமக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் பண்ணை முதலாளிகளுக்கு ஆள் தயாரிக்கும் இடம் அல்ல. கிளினிக் வைத்த அம்மாவின் இழப்பு வருத்தம் தருகிறது. கிளினிக் வைக்க விரும்புகிறவர்கள் பட்டம் பெற்ற பிறகு மூன்று மாதப் பயிற்சி எடுத்துக்கொள்ளலாம். எல்லா மாணவர்கள் தலையிலும் ஏன் கட்ட வேண்டும்?

இரண்டு மாடு:
நான் மருத்துவர் இல்லை, மாடு வைத்திருப்பவன். இடையில் பேசுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் ஐயா, கணக்கு என்றாலே உங்கள் வருமானத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறீர்கள். போன மார்கழியில் என் மாட்டுக்கு மடிநோய். ஊசிக்கும் மருந்துக்கும் 900 ரூபாய். கொடுத்துவிட்டேன். மருந்து பாலிலும் வரும், அதனால் ஐந்து நாள் பாலைச் சங்கத்தில் ஊற்றக் கூடாது என்று, மூன்றாம் நாள் ஊற்றப் போன இடத்தில்தான் தெரிந்துகொண்டேன். நாளைக்கு எட்டு லிட்டர், லிட்டர் 36 ரூபாய், ஐந்து நாளைக்கு 1,440. அந்த வாரம் தீவனக்கடைக்குக் கொடுக்கப் பணம் இல்லை. முதல் நாளே மொத்தமாக 2,340 என்று சொல்லியிருந்தால் கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசியிருப்பேன். மாட்டுக்கு வைத்தியம் பார்க்காமல் விட்டிருக்க மாட்டேன். ஏழைக்கு இலவசமாகப் பார்ப்பது பெரிய தருமம். அவனுடைய கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் உதவியாக இருக்கும்.

பழைய மருந்தகம்:
ஐயா, உங்களுக்கு நடந்தது தவறு. எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை, அதற்கு நிதிப் பாடம் தேவையில்லை. மருந்தியலில் அது இருக்கிறது. படித்ததைச் சொல்லாமல் விட்டது அந்த மருத்துவரின் குறை.

சிறுநகர் கிளினிக்:
அப்படியானால் என்னுடைய இன்னொரு குறையையும் கேளுங்கள் ஐயா. இது கிளினிக் பற்றியது அல்ல.

மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கத் திட்டத்தில், 100 பெட்டை ஆடும் 5 கிடாவும் கொண்ட பண்ணைக்கு 50 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் என்று ஆனது. எங்கள் பகுதியில் ஒருவர் யாரோ தயாரித்துக் கொடுத்த திட்ட அறிக்கையுடன் என்னிடம் வந்தார். ஒவ்வோர் ஆடும் ஆண்டுக்கு நான்கு குட்டி போடும், ஒன்றுகூடச் சாகாது என்று அதில் எழுதியிருந்தது. வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். நன்றாகப் பராமரித்தால் இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று. சிவப்பு மையால் அடித்துத் திருத்தினேன். இறப்புக் கணக்கைச் சேர்த்தேன். கொட்டகை அளவைச் சரிசெய்தேன். "இப்போது சரியாக இருக்கிறது, தைரியமாகச் செய்யுங்கள்" என்றேன்.

அறிக்கையின் கடைசித் தாளில் கடன் திருப்பும் அட்டவணை இருந்தது. அதை நான் படிக்கவில்லை. ஏழாவது மாதத்திலிருந்து தவணை. ஆடு வாங்கி, பழக்கி, இணை சேர்க்க இரண்டு மாதம், சினை ஐந்து மாதம். முதல் தவணை வந்தபோது குட்டிகள் தாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்தன. அவை விற்கும் எடைக்கு வர இன்னும் எட்டு மாதம் ஆகும். அந்த எட்டுத் தவணையை எங்கிருந்து கட்டுவார்? நல்ல பெட்டைகளாகப் பார்த்துச் சந்தைக்கு ஏற்றினார். ஒன்றரை ஆண்டில் 41 ஆடு மிச்சம்.

பழைய மருந்தகம்:
கடன் கொடுத்த பேங்க் அல்லவா அதைப் பார்த்திருக்க வேண்டும்?

சிறுநகர் கிளினிக்:
பேங்க் அதிகாரிக்குத் தவணை தெரியும், ஆடு தெரியாது. எனக்கு ஆடு தெரியும், தவணை தெரியாது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்த மனிதருக்கு ஒருவரும் இல்லை. ஈற்றுக்காலம் தெரிந்த ஒருவர்தான் "தவணையை 15-ஆம் மாதத்துக்குத் தள்ளிக் கேளுங்கள்" என்று சொல்லியிருக்க முடியும். அந்த ஒருவர் நான். பட்டம் பெற்ற பிறகு மூன்று மாதப் பயிற்சி என்றீர்கள். கிளினிக் வைப்பவர்கள் அதற்குப் போவார்கள். உங்களைப் போல மருந்தகத்தில் உட்காரப் போகிறவர்கள் போக மாட்டார்கள், திட்ட அறிக்கையோடு விவசாயி வருவது அவர்களிடம்தான்.

முட்டைக்கணக்கு:
இதைத்தான் சொல்ல வந்தேன். முதலாளிக்கு ஆள் தயாரிக்கச் சொல்லவில்லை ஐயா. 3,000 கோழியை ஒப்பந்தத்துக்கு வளர்க்கும் சிறு விவசாயிக்கும் அந்த ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

பழைய மருந்தகம்:
இரவு முழுவதும் அந்த 41 ஆடுகள்தான் நினைவில். என் மருந்தகத்துக்கும் இப்படித் தாள்களோடு வந்திருக்கிறார்கள். ஆடுகளின் உடல்நலத்தைப் பார்த்துச் சான்று எழுதி அனுப்பியிருக்கிறேன். கடைசித் தாளை நானும் திருப்பிப் பார்த்ததில்லை.

ஆனாலும் என் நிலை முழுதாக மாறவில்லை. அறுவைச் சிகிச்சை, ஈற்றியல் நேரத்தில் ஒரு மணியைக்கூடக் குறைக்க ஒப்ப மாட்டேன். விளம்பரம், வாடிக்கையாளரைக் கவர்வது என்று தனிப் பாடமும் தேர்வும் வைத்தால் எதிர்த்துப் பேசுவேன். உள்ளிருப்புப் பயிற்சியில் கிராமத்துக்குப் போகும்போது, நோய்க் குறிப்பு எழுதும் அதே தாளில் வைத்தியச் செலவு, நிற்கும் பால், தவறிய பருவம் என்று மூன்று வரி எழுதச் சொன்னால் ஏற்கிறேன். அதற்குத் தனி நேரம் தேவைப்படாது.

இறுதியாண்டு:
மூன்று வரி போதாது ஐயா. கடன் அட்டவணையைப் படிப்பது அதில் வராதே.

பழைய மருந்தகம்:
சரி அம்மா. அந்த 100 ஆட்டுத் திட்டத்தையே நீங்கள் முதலிலிருந்து போட்டுப் பாருங்கள், மாத வாரியாக. இங்கேயே பதியுங்கள். ஈற்றையும் இறப்பையும் நான் திருத்துகிறேன், தவணையைக் கிளினிக் அம்மா திருத்தட்டும். தீவன விலையை மாடு வைத்திருப்பவர் சொல்லட்டும், நமக்குத் தெரிந்த விலை பழையதாக இருக்கும்.

இரண்டு மாடு:
பிண்ணாக்கு, தவிடு விலை நாளைக் காலை கடையில் கேட்டு எழுதுகிறேன். வேலிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் செலவு வரும், அதை மறந்துவிடாதீர்கள் டாக்டரம்மா.

இறுதியாண்டு:
எழுதிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் 18 மாதக் கணக்கைப் பதிகிறேன்.