ஒன்றியக் கணித ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவை உருப்படியாக்குவது எப்படி?

கரும்பலகை (கேள்வி):
எங்கள் ஒன்றியத்தில் 6, 7, 8 வகுப்புக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சுற்றறிக்கை, வாழ்த்து, வினாத்தாள் பிடிஎஃப் தவிர எதுவும் வருவதில்லை. "தசம எண் எப்படி நடத்துறீங்க?" என்று யாராவது கேட்டால் ஒரு யூடியூப் லிங்க் வரும், அவ்வளவுதான். குறுவள மையக் கூட்டங்களுக்கு (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் கூட்டங்கள்) நடுவில் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள இதை எப்படி மாற்றலாம்?

நாற்கரம்:
அந்தக் குழுவில் கை வைக்க வேண்டாம். "அட்மின் மட்டும் அனுப்பலாம்" என்று மாற்றி, சுற்றறிக்கைக்கு விட்டுவிடுங்கள். விருப்பமுள்ள 8 முதல் 12 பேரோடு தனிக் குழு தொடங்குங்கள். அதிகாரிகளைச் சேர்க்காதீர்கள். அவர்கள் மேல் குறையில்லை. ஆனால் மேலதிகாரி பார்க்கிற இடத்தில் "என் வகுப்பில் பாதிப் பேருக்கு இது வரவில்லை" என்று யாரும் எழுத மாட்டார்கள்.

"எப்படி நடத்துறீங்க?" என்பது ரொம்பப் பெரிய கேள்வி. அப்படிக் கேட்பதற்குப் பதிலாக, எல்லாரும் ஒரே கணக்கைக் கொடுத்து, பிள்ளைகள் எழுதியதைக் குழுவுக்குக் கொண்டுவாருங்கள். தசமத்துக்கு இப்படிக் கொடுக்கலாம்:

எது பெரியது, ஏன்?
அ) 0.4, 0.35
ஆ) 0.3, 0.47

அரைத்தாள், 10 நிமிடம். "ஏன்" கட்டாயம் வேண்டும். இரண்டு ஜோடியும் வேண்டும். 4-ஐ விட 35 பெரிது என்று பார்க்கிற பிள்ளை 'அ'வில் தவறி, 'ஆ'வில் தப்பித்துவிடும். இன்னொரு வகைப் பிள்ளை, நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறிது என்பதைப் பிடித்துக்கொண்டு, புள்ளிக்குப் பின் நீளமாக இருந்தாலே சிறிய எண் என்று முடிவு செய்திருக்கும். அது 'அ'வைச் சரியாகப் போட்டு 'ஆ'வில் மாட்டும். 'அ'வை மட்டும் கொடுத்தால் இந்தப் பிள்ளைக்கு டிக் போட்டு அனுப்பிவிடுவோம்.

சதுரத்தாள்:
நாற்கரம் சொன்ன முதல் வகைக்கு நாம் வாசிக்கிற விதமும் காரணம். "பூச்சியம் புள்ளி முப்பத்தைந்து" என்று சொல்லாமல் "பூச்சியம் புள்ளி மூன்று ஐந்து" என்று சொல்லுங்கள். இரண்டு வகைக்கும் 10×10 கட்டத்தாள் உதவும். 0.4-க்கு 40 கட்டம், 0.35-க்கு 35 கட்டம் என்று பிள்ளையே வண்ணம் தீட்டட்டும்.

குழுவில் பதிவிடும்போது, கொடுத்த கணக்கு, எத்தனை பேரில் எத்தனை பேர் தவறினார்கள், இரண்டு தவறான தாள், அடுத்து என்ன செய்தீர்கள் என்ற நான்கும் போதும். "அருமை சார்", "சூப்பர் டீச்சர்" வேண்டாம் என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். பத்துக் கைதட்டல் வந்த பிறகு அந்தத் தாளைப் பற்றிக் கேள்வி கேட்க யாருக்கும் மனம் வராது.

பென்சில்முனை:
தாளைச் சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும்; பென்சில் எழுத்து தெரியாது. 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்புங்கள். பிள்ளையின் பெயர், எமிஸ் எண் (அரசின் பள்ளித் தகவல் தளத்தில் பிள்ளைக்கு உள்ள எண்) மேல் ஒரு துண்டுக் காகிதம் வைத்த பிறகே படம் எடுங்கள். போனில் மார்க்கரால் அடித்தால் சில நேரம் அடியில் இருப்பது தெரிகிறது. முகம் வேண்டவே வேண்டாம்.

தங்கள் எண் எல்லாருக்கும் தெரிவதைச் சில ஆசிரியைகள் விரும்புவதில்லை. டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம், பாடவாரியாகத் தலைப்பும் பிரிக்கலாம். மாதம் ஒருமுறை கூகுள் மீட்டில் பேசுங்கள். இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம்தான், அதனால் இரண்டு தாளுக்கு மேல் எடுக்காதீர்கள்.

கரும்பலகை:
நன்றி. இரண்டு வாரம் ஓடிவிட்டு, பிறகு யாரும் அனுப்பவில்லை என்றால்?

நாற்கரம்:
பெரும்பாலும் தேர்வு வாரமாகவோ எமிஸ் பதிவேற்றும் வாரமாகவோ இருக்கும். அந்த வாரங்களைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டு அட்டவணை போடுங்கள். கணக்கை எல்லாரும் கொடுக்கலாம். தாள் அனுப்பும் பொறுப்பு ஒரு சுற்றுக்கு இருவருக்கு மட்டும். 12 பேர், இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று என்றால் ஒருவருக்கு முறை வர 12 வாரம் ஆகும். யாராவது அனுப்பவில்லை என்றால் குழுவில் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். ஜோடியில் இருக்கிற மற்றவர் போன் செய்து கேட்கட்டும்.