ஆன்லைன் கவுன்சலிங் எடுத்தவங்க யாராவது இருக்கீங்களா? ஸ்க்ரீன்ல பேசி மனசு தேறுமா?

நிலாமுற்றம்:
வேலை மாறி, ஊர் மாறி அஞ்சு மாசம் ஆச்சு. நானே ஆசைப்பட்டு மாறினதுதான், சம்பளமும் கூட, அதனால யார்கிட்ட சொன்னாலும் "அப்புறம் உனக்கென்ன குறை"ன்னு கேக்கறாங்க, எனக்கும் பதில் சொல்லத் தெரியல. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு தட்டிடுது, அதுக்கப்புறம் தூக்கமே கிடையாது. ரொம்பப் பிடிச்ச பாட்டு கூட வெறும் சத்தமாத்தான் கேக்குது. அழுகையும் வரல, உள்ள மரத்துப்போன மாதிரி இருக்கு. ரெண்டு தடவை கவுன்சலிங் ஃபார்ம் வரைக்கும் போய் பாதியில மூடிட்டேன். நேர்ல பாக்காத ஒருத்தர்கிட்ட மனசுவிட்டுப் பேச வருமா? வீட்ல எல்லாரும் இருக்கும்போது எங்க உக்காந்து பேசறது? எல்லாத்துக்கும் மேல, இது ஒரு பிரச்சினையா, இதுக்கெல்லாம் போகலாமான்னுதான் உறுத்துது.

கடலோரக்காத்து:
போகலாம் சகோ, தாராளமா. 1967ல தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹேன்னு ரெண்டு மனநல டாக்டருங்க வாழ்க்கையில வர்ற 43 மாற்றங்கள், ஒவ்வொண்ணும் மனச எவ்வளவு அழுத்தும்னு மார்க் போட்டு ஒரு பட்டியல் கொடுத்தாங்க. வாழ்க்கைத்துணை இறந்துபோறதுக்கு 100, டைவர்ஸுக்கு 73. ஆனா கல்யாணத்துக்கும் 50 இருக்கு, பெரிய சாதனை பண்றதுக்கும் 28 இருக்கு. நல்லது நடந்தாலும் மனசு அதுக்கு ஈடு கொடுத்தே ஆகணும், உங்களுக்கு வேலை ஊரு பழகின ஆளுங்கன்னு மூணும் ஒரே நேரத்துல மாறியிருக்கு.

அப்பா தவறினப்புறம் நான் வீடியோல ஒன்பது செஷன் எடுத்தேன். முதல்ல கிடைச்சவங்க நல்லவங்கதான், ஆனா நான் பேச ஆரம்பிச்சதும் அறிவுரைக்குத் தாவிடுவாங்க, ரெண்டு செஷனோட வேற ஒருத்தர்கிட்ட மாறிட்டேன். மாத்தறது தப்பே இல்ல. அவர்கிட்ட முதல் நாள் கேமராவ ஆஃப் பண்ணிக்கட்டுமான்னு கேட்டேன், சரின்னாரு, அப்பத்தான் எனக்கு வாயே திறந்துச்சு. இடத்துக்கு நான் கண்டுபிடிச்ச வழி, நிறுத்தி வச்ச கார்ல ஹெட்ஃபோன் போட்டு உக்காந்துக்கறது.

தாமரைஇலை:
நான் இந்த வேலையிலதான் இருக்கேன். நேர்ல பேசறதா ஆன்லைனாங்கறத விட, எதிர்ல இருக்கறவரோட உங்களுக்கு ஒட்டுதான்னுதான் பாக்கணும். லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கு ஆன்லைன்ல முறையா பண்ற சிபிடி (நம்ம எண்ணத்தையும் நடந்துக்கற விதத்தையும் மாத்திக்கப் பழக்கற பேச்சு சிகிச்சை) நேர்ல பண்றதுக்கு ஏறக்குறைய சமமா பலன் தருதுன்னு ஆராய்ச்சிகள்ல வந்திருக்கு.

பிஹெச்க்யூ-9னு மனச்சோர்வ அளக்கற கேள்வித்தாள் ஒண்ணு இருக்கு, ஒன்பது கேள்வி, கடைசி ரெண்டு வாரம் எப்படி இருந்தீங்கன்னு கேக்கும், மொத்தம் 27 மார்க். 10 இல்ல அதுக்கு மேல வந்தா டாக்டர் இல்ல கவுன்சலர் ஒருத்தர்கிட்ட காட்டுங்க, ஆனா அந்த மார்க்க மட்டும் வச்சு இதுதான் நோய்னு முடிவு பண்ணக்கூடாது. ஒன்பதாவது கேள்வி செத்துப்போகலாம்னு தோணுதா, உங்களையே காயப்படுத்திக்கத் தோணுதாங்கறது. அதுக்கு "ஆமா"ன்னா அப்பாயின்ட்மென்ட் வரட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே பக்கத்துல இருக்கற ஒருத்தர்கிட்ட சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்க, அது ஆன்லைன்ல சமாளிக்கற விஷயம் இல்ல. தைராய்டு குறைவு, ரத்தசோகை ரெண்டும் இதே மாதிரி சோர்வ கொண்டுவரும், அதனால ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுத்துடுங்க.

புக் பண்றதுக்கு முன்னாடி அவர் என்ன படிச்சிருக்காரு, நீங்க பேசறத யார் யார் பார்ப்பாங்க, எந்தச் சூழ்நிலையில ரகசியத்த மீற வேண்டி வரும்னு கேட்டு வச்சுக்குங்க. கேக்கறதுக்குக் கோவப்படறவரா இருந்தா அவர் வேண்டாம். எந்த மொழியில அழுவீங்களோ அந்த மொழியில பேசறவரா தேடுங்க, இத நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.

வெள்ளைத்தாள்:
எனக்கு வீடியோவே ஒத்து வரல, சாட்லதான் எடுத்தேன். டைப் பண்ணும்போது ஒவ்வொரு வார்த்தையா யோசிக்க முடிஞ்சுது, பழைய மெசேஜ திரும்பப் படிச்சுப் பார்க்கவும் முடிஞ்சுது.

தாமரைஇலை:
உண்மைதான், சில பேருக்கு எழுத்துதான் வசப்படும். ஆனா குரல் நடுங்கறதும் நடுவுல மௌனமாகறதும் சாட்ல எங்களுக்குத் தெரியாது, "ஓகே"ன்னு வந்தா நிஜமாவே ஓகேவான்னு கண்டுபிடிக்க முடியாது. எழுத்துல ஆரம்பிச்சா கூட கொஞ்ச நாள்ல குரலுக்கு வந்துடுங்க.

நிலாமுற்றம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த ஒன்பது கேள்வியும் போட்டுப் பார்த்தேன், 13 வந்துச்சு, கடைசிக் கேள்விக்கு "இல்ல"தான். வியாழக்கிழமை சாயங்காலம் 50 நிமிஷம், குரல் மட்டும்னு புக் பண்ணிட்டேன். இப்பவே நெஞ்சு படபடங்குது. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

கடலோரக்காத்து:
மேல எழுதியிருக்கீங்களே அந்த முதல் போஸ்ட், அத அப்படியே வாசிச்சுக் காட்டுங்க. மூணு மணி முழிப்பு, சத்தமா கேக்கற பாட்டு, எல்லாம் அதுலயே இருக்கு. மிச்சத்த அவங்க கேப்பாங்க.