மறு: டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

மைநாடாவைக் குத்திப் புள்ளிகளால் எழுத்தை அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டு வருகிறேன். பெரும்பாலோர் "புள்ளியணி அச்சுப்பொறி" பக்கம் நிற்கிறீர்கள். கணிதத்தில் மேட்ரிக்ஸுக்கு அணி இருக்கிறது, டாட்டுக்குப் புள்ளி இருக்கிறது, இரண்டையும் ஒட்டினால் வேலை முடிந்தது என்கிற கணக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்க்ஜெட்டும் புள்ளி புள்ளியாகத்தான் எழுதுகிறது, லேசரும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றை இந்த ஒரு பொறிக்கு மட்டும் பெயராக வைத்தால் கலைச்சொல் எதைப் பிரித்துக் காட்டும்?

நான் முன்வைப்பது ஊசி அச்சுப்பொறி.

இந்தச் சொல்லுக்காக எழுதியிருக்கிற வரைவுப் பதிவில் "1968இல் எப்சன் வெளியிட்ட முதல் டாட் மேட்ரிக்ஸ்" என்று ஒரு வரி இருக்கிறது, அதை முதலில் எடுத்துவிட வேண்டும். அந்த ஆண்டு ஜப்பானில் வந்தவை இரண்டு வேறு வேறு பொறிகள். ஒன்று, நாகானோ மாநிலத்தில், செய்கோ கடிகாரக் குழுமத்தைச் சேர்ந்த சுவா செய்கோஷாவின் துணை நிறுவனமாக இருந்த ஷின்ஷு செய்கி வெளியிட்ட இ.பி.-101. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்ட நேரத்தை உடனுக்குடன் தாளில் அடித்துத் தர செய்கோ குழுமம் ஒரு கருவி செய்தது, அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது இது. இரண்டரை கிலோ எடைதான், கால்குலேட்டருக்குள் வைக்கிற அளவு. எப்சன் என்ற பெயரே 1975இல் "இ.பி.யின் மகன்" என்ற பொருளில் வைத்ததுதான். ஆனால் இ.பி.-101இல் ஊசியும் கிடையாது, புள்ளியும் கிடையாது. எண்கள் முழுதாகப் பொறித்த உருளை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், வேண்டிய எண் நேரே வரும் கணத்தில் சுத்தி அடிக்கும், அவ்வளவுதான். இதற்கு "எழுத்துருளை அச்சுப்பொறி" என்று தனிப் பதிவு போடலாம்.

நாம் பேசுகிற வகை ஓகி நிறுவனம் அதே 1968இல் கொண்டுவந்த வயர்டாட். ஐந்துக்கு ஏழு புள்ளிக் கட்டம், 128 எழுத்துகள். அங்கே பெயரைப் பாருங்கள், கம்பியும் புள்ளியும்தான் இருக்கின்றன, அணியைக் காணோம்! மின்காந்தம் இழுத்ததும் ஊசி போன்ற மெல்லிய கம்பி ஒன்று பாய்ந்து மைநாடாவைக் குத்தி, வில்சுருளால் பின்வாங்கும். தலை பக்கவாட்டில் நகர நகர இது ஒவ்வொரு நெடுவரிசையாக நடந்து எழுத்து உருவாகும். 1971இல் பிரதர் நிறுவனம் அமெரிக்காவின் சென்ட்ரானிக்ஸுடன் சேர்ந்து செய்த எம்-101, 1980இல் உலகமெங்கும் விற்ற எப்சனின் எம்.எக்ஸ்-80 எல்லாம் இந்த வழிதான். (ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யுடன் விற்ற பிரிண்டர் இந்த எம்.எக்ஸ்-80தான், மேலே பெயரை மட்டும் மாற்றி.)

இந்தத் துறையில் ஊசிகளின் எண்ணிக்கைதான் எல்லாமே. ஏழு ஊசி இருந்த காலத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளின் வால் வரிக்குக் கீழே இறங்க இடமில்லை. ஒன்பது ஊசி வந்த பிறகு இறங்கியது. ஜப்பானியருக்கு அதுவும் போதவில்லை. அவர்களின் எளிய அசையெழுத்தான கதகனா ஐந்துக்கு ஏழில் அடங்கிவிடும், சீனத்திலிருந்து வந்த சிக்கலான எழுத்தான காஞ்சி அடங்குமா? 1978இல் வந்த ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தொழில் தரத்தில் மட்டும் ஆறாயிரத்துச் சொச்சம் காஞ்சி, அவற்றில் பல இருபது கோட்டுக்கு மேல். தெளிவாகப் படிக்க 24க்கு 24 புள்ளியாவது வேண்டும், அதை ஒரே ஓட்டத்தில் அடிக்க 24 ஊசி வேண்டும். நம்மூர்க் கடைகளில் "24 பின்" என்று கேட்டு வாங்கியதற்கு வேர் அங்கே இருக்கிறது. "24 ஊசி" என்று சொல்லிப் பாருங்கள், உறுத்தவே இல்லை. "24 புள்ளியணி" என்றால் யாருக்குப் புரியும்?

ஊசி என்றால் மருத்துவமனை ஞாபகம் வருகிறது என்று ஒரு நண்பர் கேலி செய்திருந்தார். ஜெர்மானியர் இந்தப் பொறியை நாடல்ட்ருக்கர் என்கிறார்கள், நேர்பொருள் ஊசி அச்சுப்பொறி. சீனர்களும் ஊசி வகை என்றே சொல்கிறார்கள். அவர்கள் ஊரிலும் மருத்துவமனை இருக்கிறது ஐயா. பழுது பார்க்கிறவர்களுக்கும் இது வசதி: ஒரு ஊசி உடைந்தால் ஒவ்வொரு வரியிலும் ஒரே உயரத்தில் வெள்ளைக் கோடு ஓடும், பார்த்த மாத்திரத்தில் எந்த ஊசி என்று சொல்லிவிடுவார்கள்.

"தட்டல் அச்சுப்பொறி" (இம்பாக்ட் பிரிண்டர்) கேட்டவர்களுக்கு: அது நல்ல சொல், ஆனால் மேல்வகைக்குப் போகட்டும். எழுத்துருளையும் தட்டுகிறது, ஊசியும் தட்டுகிறது. பிரிண்ட் ஹெட்டுக்கு "அச்சுத்தலை" போதும், ரிப்பன் ஏற்கெனவே மைநாடா, அதைக் கிளற வேண்டாம்.

பதிவு இப்படி இருக்கலாம், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

ஊசி அச்சுப்பொறி: அச்சுத்தலையில் உள்ள ஊசிகள் மைநாடாவைக் குத்தித் தாளில் புள்ளிகளால் எழுத்தை உருவாக்கும் தட்டல் அச்சுப்பொறி. வேறு பெயர்: புள்ளியணி அச்சுப்பொறி.