புதுப்பிப்பு: மெனோபாஸ் பற்றி மேலாளரிடம் பேசிவிட்டேன்

முன்பு கேட்டிருந்தேனே, மாதவிடாய் நிற்கும் கட்டம், மீட்டிங் நடுவே திடீரென்று முகமெல்லாம் கொதித்து வியர்த்துக் கொட்டுகிறது, இரவில் தூக்கமும் இல்லை, இதை மேலாளரிடம் எப்படிச் சொல்வது என்று. சொல்லிவிட்டேன். பலர் சொன்னபடி உடம்பைப் பற்றிய விளக்கத்தைச் சுருக்கி, எனக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: ஜன்னலோர இருக்கை, மேசைக்கு ஒரு சின்ன மின்விசிறி, தூங்காத இரவுக்கு மறுநாள் கொஞ்சம் தாமதமாக வர அனுமதி. சின்ன வயதுக்காரர், முதலில் நெளிந்தார், அப்புறம் "இது எவ்வளவு நாள் இருக்கும் மேடம்?" என்றார். நாள் கணக்கெல்லாம் இல்லை, பொதுவாக 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நிற்கும், அதற்கு முந்தைய மாற்றங்களே சிலருக்குப் பல ஆண்டுகள் இழுக்கும் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

விசிறியும் இருக்கையும் உடனே கிடைத்தன. சீருடைதான் இழுபறி. அந்த பாலியஸ்டர் சட்டைக்குப் பதில் பருத்தி கேட்டால் விதிமுறை என்கிறார்கள் (வியர்வைக்கு விதிமுறை தெரியுமா!). இந்தத் தொல்லைகளைக் குறைக்கத் தரும் ஹார்மோன் சிகிச்சை பற்றிக் கேட்டவர்களுக்கு: எல்லாருக்கும் ஒத்துவராது, குறிப்பாக மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு, டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். சட்டை விஷயத்தை மனிதவளத் துறைக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன், பதில் வந்ததும் போடுகிறேன்.