விளக்கு எரிகிறது, பாட்டு மட்டும் வரவில்லை: பழைய கேசட் செட்டை மாற்றாமல் சரிசெய்ய முடியுமா?

பொதிகைச்சாரல், கல்லிடைக்குறிச்சி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வண்டி 2004 மாடல் சின்ன கார். அதில் இருக்கும் கேசட் செட்டில் சத்தம் அடியோடு நின்றுவிட்டது. கரண்ட் வருகிறது. சாவியைத் திருப்பினால் விளக்கு எரிகிறது, நேரம் காட்டுகிறது, ரேடியோவில் ஸ்டேஷன் எண் ஓடுகிறது, வால்யூமைத் திருப்பினால் எண் ஏறி இறங்குகிறது. கேசட் போட்டால் உள்ளே சுற்றுவது காதை வைத்தால் கேட்கிறது. ஆனால் நான்கு ஸ்பீக்கரிலும் முணுமுணுப்புகூட இல்லை.

ஒரேயடியாக நின்றுவிடவில்லை. முதலில் முன்பக்க இடது கதவைச் சாத்தும்போதெல்லாம் கரகரவென்றது. அப்புறம் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கினால் சத்தம் போய்ப் போய் வந்தது. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி வண்டி திறந்தவெளியில் நின்றது, மறுநாளிலிருந்து இந்த நிலைமை. சில நாள் காலையில் சாவி போட்டவுடன் ‘டப்’ என்று ஒரு சத்தம், கண் மூடித் திறப்பதற்குள் துளி பாட்டு, பிறகு ஒன்றும் இல்லை.

கடையில் காட்டினேன். செட் போய்விட்டது, ப்ளூடூத் செட் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. அப்பா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். கோயில் கொடை விழாக்களில் அவர்கள் பாடியதை யார் யாரோ பதிவுசெய்து கொடுத்த கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. இப்போது அவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. கல்லிடையிலிருந்து ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை வழியாகப் போகும்போது அந்தக் கேசட்டில் ஒன்றைப் போட்டுவிடுவேன். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வருவார். வீட்டில் கேசட் கேட்க வேறு கருவி கிடையாது. ஆகவே இந்தச் செட்டே பாட வேண்டும். மல்டிமீட்டர் ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

உவரிக் காற்று, திசையன்விளை

எர்த்தைப் பாருங்கள் அண்ணே. நான் வாடகை வண்டி ஓட்டுகிறேன். எங்கள் பக்கம் கடல் காற்றில் எர்த் போல்ட் எல்லாம் பச்சை பிடித்துவிடும். செட்டின் கருப்பு ஒயர் பாடியில் முறுக்கியிருக்கும் இடத்தைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினேன், எனக்குச் சரியாகிவிட்டது. எனக்கு வால்யூம் கூட்டினால் டிஸ்ப்ளே மங்கி அணைந்து அணைந்து எரியும். உங்களுக்கும் அப்படி இருக்கிறதா?

வயக்காட்டு வீடு, சேரன்மகாதேவி

வண்டியை வயலை ஒட்டி நிறுத்துகிறீர்களா? பிசானம் அறுவடை முடிந்தால் எலி முழுக்க வீட்டுப் பக்கம் வந்துவிடும். எங்கள் வண்டியில் டேஷ்போர்டுக்கு அடியில் ஒயரைக் கடித்துத் துணி சேர்த்துக் கூடே கட்டியிருந்தது. கால் வைக்கிற இடத்தில் எலிப்புழுக்கை கிடக்கிறதா பாருங்கள். இன்னொன்று, ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரை மட்டும் பிரித்துப் பாடியில் கொடுத்துப் பாருங்கள். எங்கள் மாமாவின் பழைய வண்டியில் அப்படித்தான் இருந்தது, நன்றாகப் பாடும்.

பாளை ஒயரிங்காரர், பாளையங்கோட்டை

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மைனஸ் ஒயரைப் பாடியில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சேரன்மகாதேவித் தம்பி சொல்வது ரொம்பப் பழைய செட்டுக்குப் பொருந்தும். அந்தக் காலத்துச் செட்டில் ஸ்பீக்கருக்கு ஒரு ஒயர்தான் வரும், இன்னொரு முனை பாடிதான். உங்கள் செட்டில் பிளஸ், மைனஸ் ரெண்டுமே ஆம்ப்ளிஃபையரிலிருந்து வருபவை. ரெண்டிலும் கரண்ட் இருக்கும். அதில் ஒன்றைப் பாடியில் தொட்டால் நீங்களே ஷார்ட் போட்டதாக ஆகிவிடும்.

எர்த் கோளாறாக எனக்குத் தோன்றவில்லை. டிஸ்ப்ளே மங்காமல் நிற்கிறது, வால்யூம் எண்ணும் ஒழுங்காக ஏறி இறங்குகிறது என்கிறீர்கள்.

புது செட் யோசனையைத் தள்ளிவையுங்கள். நான்கு ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அபூர்வம். ரேடியோவும் இல்லை, கேசட்டும் இல்லை என்றால் ரெண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு. அந்தப் பொது இடம் செட்டின் பின்பக்கம் அலுமினியத் தகட்டோடு ஒட்டியிருக்கும் ஆம்ப்ளிஃபையர் ஐசி. டிடிஏ7388 போல 25 கால் உள்ள ஐசி நிறைய செட்டில் இருக்கும். நான்கு ஸ்பீக்கருக்கும் அது ஒன்றுதான். அதற்குள்ளேயே பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். ஸ்பீக்கர் ஒயர் ஒன்று பாடியில் பட்டாலோ, பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றையொன்று தொட்டாலோ, எரிந்துபோகாமல் இருக்க அது சத்தத்தை நிறுத்திக்கொள்ளும். பல செட்களில் ஒரு கதவில் ஷார்ட் என்றாலும் நான்கும் சேர்ந்து அடங்கிவிடும். சாவி போட்டதும் ஒரு ‘டப்’, துளி பாட்டு, பிறகு மௌனம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஐசி உயிரோடு இருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். எழுந்து பார்க்கிறது, ஷார்ட் இருப்பது தெரிகிறது, உடனே நிறுத்திக்கொள்கிறது. கதவைச் சாத்தும்போது கரகரத்தது என்ற விஷயத்தையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு அந்த முன் இடது கதவின் மேல்தான் சந்தேகம்.

செட்டை வெளியே இழுங்கள். கம்பெனி செட்டாக இருந்தால் கரண்ட் துண்டானதும் ரகசியக் குறியீட்டு எண் கேட்கலாம், அந்த எண் கையில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். செட்டின் பின்னால் மட்டும் ஒரு நோட்டம் விடுங்கள். ஃபோன் வந்தால் பாட்டை நிறுத்துவதற்கென்று சில செட்டில் மியூட் ஒயர் ஒன்று தனியாகத் தொங்கும். அதன் நுனி மூடாமல் இருந்து இரும்புச் சட்டத்தில் பட்டால் எல்லா ஸ்பீக்கரும் ஊமையாகிவிடும். அப்படி ஒன்று இருந்தால் நுனியில் டேப் சுற்றுங்கள்.

அப்புறம் ஸ்பீக்கர் ஒயர்கள் சேர்ந்து செட்டில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் கப்ளரைக் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் மீட்டர் வைத்தால் அளவு தப்பாகக் காட்டும். வெளியில் வாங்கிய செட் என்றால் அதன் ஒயர் நிறம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கருப்புக் கோடு போட்டது மைனஸ். வண்டியின் சொந்த ஒயரில் நிறம் வேறாக இருக்கும், அதை நம்பி வேலை செய்யாதீர்கள்.

மீட்டரை பீப் சத்தம் வரும் இடத்தில் வையுங்கள். ஒரு முனையைப் பாடியில் பெயின்ட் இல்லாத போல்ட்டில் பிடித்துக்கொண்டு, மறுமுனையால் கதவுகளுக்குப் போகும் ஸ்பீக்கர் ஒயர் எட்டையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். எதிலும் பீப் வரக்கூடாது. வந்தால் அதுதான் பாடியில் படுகிற ஒயர். முன் இடது ஒயரில் முனையை வைத்தபடியே ஒருவரை விட்டுக் கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். கதவு ஆடும்போது பீப் வந்து வந்து போனால், கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய்க்குள்தான் ஒயர் வெட்டுப்பட்டிருக்கிறது. இத்தனை வருஷம் கதவைத் திறந்து மூடி அந்த இடத்தில்தான் ஒயர் மடிந்து மடிந்து மேலுறை வெடிக்கும்.

அடுத்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் ரெண்டு ஒயருக்கும் நடுவே ஓம் அளவு பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் மீட்டர் 3 முதல் 4 வரை காட்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) போய்விட்டது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஒயர் ரெண்டும் எங்கோ ஒட்டியிருக்கின்றன. மீட்டரில் நம்பிக்கை இல்லாவிட்டால் சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை அந்த ரெண்டு ஒயரிலும் தொட்டுத் தொட்டு எடுங்கள். நல்ல ஸ்பீக்கர் ‘டொக் டொக்’ என்று சொல்லும்.

செட்டைச் சோதிக்க வேறு எங்கும் போக வேண்டாம். வீட்டில் கிடக்கும் நல்ல ஸ்பீக்கர் ஒன்றை நேராகச் செட்டின் வெள்ளை ஜோடியில் கொடுத்து ரேடியோவைப் போடுங்கள், மற்ற ஒயர் எல்லாம் தனித்தனியாக நிற்கட்டும். பாடினால் செட் நன்றாக இருக்கிறது. பாடாவிட்டால் செட்டை ஆன் செய்துவைத்து, ஸ்பீக்கருக்குப் போகும் ஒவ்வொரு ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவில் டிசி வோல்ட் பாருங்கள். பாட்டரி 12 என்றால் எட்டிலும் சுமார் 6 வர வேண்டும். எட்டிலும் 6 வந்தால் ஐசி விழித்திருக்கிறது, மியூட்டில் மாட்டியிருக்கலாம். எதிலும் வரவில்லை என்றால் ஐசி எழவே இல்லை. ஒன்று மட்டும் 12 அல்லது 0 காட்டி மற்றவை 6 என்றால் அந்த ஒரு சானல் போய்விட்டது. அப்போதுகூட ஐசியை மட்டும் மாற்றலாம், முழு செட்டையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. கேசட் ஓடுகிற நல்ல செட் இனிமேல் கிடைப்பது கஷ்டம் தம்பி. அப்பாவின் குடம் இருக்கும் கேசட்டுக்காகக் கேட்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதினேன்.

பொதிகைச்சாரல், கல்லிடைக்குறிச்சி

அண்ணாச்சி, நீங்கள் சொன்ன இடத்தில்தான் இருந்தது! வீட்டு ஸ்பீக்கரைச் செட்டில் நேராகக் கொடுத்ததும் ரேடியோ கணீரென்று பாடியது. எட்டு ஒயரில் முன் இடது மைனஸ் ஒன்றில் மட்டும் பீப். தங்கச்சி கதவை ஆட்டினாள், பீப் வந்து வந்து போனது. ரப்பர் குழாயைப் பின்னால் தள்ளிப் பார்த்தால் செம்புக் கம்பி வெளியே தெரிகிறது, தகட்டில் உரசிய இடம் கருத்திருக்கிறது. இப்போதைக்கு அந்த ஜோடியை மட்டும் விலக்கி நுனியில் டேப் சுற்றிவிட்டு மற்ற மூன்றையும் கொடுத்தேன். பாடுகின்றன.

கதவின் உள்பக்கப் பலகையையும் கழற்றினேன். பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் கிழிந்து தொங்குகிறது. ஸ்பீக்கரின் காகிதம் ஊறி உப்பியிருக்கிறது. இனி மூன்று சந்தேகம். ஒயரை வெட்டுப்பட்ட இடத்தில் ஒட்டுப்போட்டால் போதுமா? ஸ்பீக்கர் என்ன அளவில் வாங்குவது? ரேடியோ தெளிவாக இருக்கிறது, கேசட் மட்டும் மந்தமாகக் கேட்கிறது, அது ஏன்?

எலி விஷயம் சொன்ன தம்பிக்கும், எர்த் சொன்ன திசையன்விளை நண்பருக்கும் நன்றி. எர்த் போல்ட்டையும் தேய்த்து இறுக்கிவிட்டேன்.

பாளை ஒயரிங்காரர், பாளையங்கோட்டை

ரொம்ப சந்தோஷம் தம்பி.

ரப்பர் குழாய்க்குள் ஒட்டு வேண்டாம். மடிகிற இடத்தில் ஒட்டு இருந்தால் சால்டர் போட்ட இடம் விறைத்து, அதன் ஓரத்திலேயே மறுபடி ஒடியும். செட்டிலிருந்து ஸ்பீக்கர் வரைக்கும் புது ஒயர் ஒரே துண்டாக இழுத்துவிடுங்கள். பல இழை உள்ள செம்பு ஒயர், 0.75 சதுர மில்லிமீட்டர் போதும். குழாய்க்குள் நுழைக்க சைக்கிள் பிரேக் கேபிளின் உள்கம்பியை முதலில் விட்டு, அதன் நுனியில் ஒயரைக் கட்டி இழுங்கள். கதவை முழுக்கத் திறந்துவைத்து நீளம் விடுங்கள், இல்லாவிட்டால் திறக்கும்போது இழுத்துக்கொள்ளும். குழாயின் ரெண்டு முனையும் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா பாருங்கள், மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் வண்டிக்குள் வரும்.

பிளாஸ்டிக் தாளைச் சும்மா விட்டுவிடாதீர்கள். கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது சகஜம், அடியில் அது வெளியேற ஓட்டை உண்டு. அந்தத் தண்ணீர் உள்பக்கம் தெறிக்காமல் தடுப்பது இந்தத் தாள்தான். கனமான பிளாஸ்டிக் தாளை அதே அளவில் வெட்டி ஓரம் முழுக்க ஒட்டுங்கள். அடி ஓட்டையில் மண் அடைத்திருந்தால் குச்சியால் குத்திவிடுங்கள். குற்றாலச் சாரலில் நனைகிற வண்டிகளில் ஸ்பீக்கர் ஊறிப்போவது பெரும்பாலும் இந்த ரெண்டு காரணத்தால்தான். புது ஸ்பீக்கரில் காகிதத்தை விட பாலி என்கிற பிளாஸ்டிக் கூம்பு உள்ளதாக வாங்குங்கள், ஈரம் தாங்கும். 4 ஓம் வாங்குங்கள், 2 ஓம் யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இந்த ஐசிக்குச் சூடு தாங்காது. விட்டத்தையும் ஸ்க்ரூ ஓட்டைகளின் தூரத்தையும் பழையதை வைத்தே அளந்துகொண்டு போங்கள். பின்பக்கக் காந்தம் பெரிதாக இருந்தால் கண்ணாடி இறங்கும்போது இடிக்கும், அதையும் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரில் ஒயர் மாட்டும் தகடுகள் கதவு இரும்பில் படக்கூடாது.

கேசட் மந்தமாக இருப்பதற்கு, நாடாவில் உரசிப் பாட்டைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு இருக்கலாம். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டையும் அதன் பக்கத்து ரப்பர் உருளையையும் துடையுங்கள். பெட்ரோல், தின்னர் எதுவும் ஆகாது, ரப்பர் கெட்டுவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு முதலில் முக்கியமில்லாத கேசட் ஒன்றைப் போட்டு ஓடவிடுங்கள். அது நாடாவைச் சுருட்டாமல் ஓடினால் அப்பாவின் கேசட்டைப் போடலாம். பூசணம் பிடித்த கேசட் இருந்தால் போடவே வேண்டாம், என்னிடம் கொண்டுவாருங்கள். கேசட்டுகளைக் கம்ப்யூட்டரிலும் சீக்கிரம் ஏற்றிவிடுங்கள், அதற்கு இந்தச் செட்டை நம்பாமல் வீட்டு டெக் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிச் செய்வது நல்லது.

துடைத்த பிறகும் மந்தமாக இருந்தால் செட்டில் நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டன் இருக்கிறதா பாருங்கள். கொடையில் சாதாரண டேப் ரிக்கார்டரில் பதிந்த கேசட்டாகத்தான் இருக்கும். அதை டால்பி போட்டுக் கேட்டால் ஜால்ரா சத்தம் எல்லாம் அமுங்கிவிடும். பட்டனை ஆஃப் செய்துவிட்டுக் கேளுங்கள்.