மறு: ‘கேஷ் ஆக்சஸ்’ – ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

மக்கள் ரொக்கத்தை எளிதில் எடுக்கவும் போடவும் வழி இருப்பதை ஆங்கிலத்தில் ‘கேஷ் ஆக்சஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் ‘ரொக்க அணுகல்’, ‘ரொக்க உரிமை’, ‘பணப் பாதுகாப்பு’. மூன்றாவதைப் படிப்பவர் பெட்டகம், பூட்டு பற்றிய சட்டம் என்றே நினைப்பார், அதை விட்டுவிடலாம். ‘ரொக்க உரிமை’ கேட்க நன்றாக இருக்கிறது. எனக்குக் கவலை தருவதும் அதுதான்.

பிரிட்டனின் 2023 நிதிச் சேவைகள், சந்தைகள் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கில் இருப்பதைக் கையில் வாங்கவும், கையில் இருப்பதைக் கணக்கில் போடவும் நியாயமான தூரத்தில் இடம் இருக்க வேண்டும் என்பதுதான் அதில் உள்ள ஏற்பாடு. நகர்ப்புறத்துக்கு ஒரு மைல், நாட்டுப்புறத்துக்கு மூன்று மைல் என்று அரசின் கொள்கை அறிக்கை அளவு சொல்கிறது. இதை மேற்பார்வையிடுவது நிதி நடத்தை ஆணையம் (FCA). அதன் விதிகள் 2024 செப்டம்பர் 18 முதல் நடப்பில் உள்ளன. பெரிய வங்கி ஒன்று கிளையை மூட நினைத்தால், அதனால் அந்த வட்டாரத்துக்குக் குறை வருமா என்று மதிப்பிட்டாக வேண்டும். குறை பெரிது என்று தெரிந்தால், மாற்று ஏற்பாடு திறக்கும்வரை பழையதை மூடக்கூடாது. ஊர்க்காரர்களே மனுப்போட்டும் மதிப்பீடு கேட்கலாம். நல்ல சட்டம்.

ஆனால் கடைக்காரரைக் கட்டுப்படுத்தும் விதி எதுவும் அதில் கிடையாது. ‘கார்டு மட்டும்’ என்று பலகை மாட்டிய காபிக் கடை பணத்தாளை வாங்க மறுத்தால், அது சட்டமீறல் ஆகாது. இதை ‘ரொக்க உரிமைச் சட்டம்’ என்று நாம் எழுதிவைத்தால், லண்டனில் இருக்கும் ஒரு தமிழ்ப் பாட்டி அதை நம்பி நோட்டை நீட்டிவிட்டு அவமானப்பட்டுத் திரும்புவார். அந்தப் பழி நம்மைத்தான் சேரும்.

ரொக்கத்தை மறுக்கக்கூடாது என்று கடையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வேறு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் 1978 முதலே வைத்திருக்கிறது, நியூ ஜெர்சி 2019இல் கொண்டுவந்தது. நார்வே 2024 அக்டோபரில் தன் விதியை இறுக்கியது. ஸ்வீடனின் 2021 சட்டமோ பிரிட்டன் பக்கம் சேரும்: பெரிய வங்கிகள் சேர்ந்து, 99.7 விழுக்காட்டு மக்களுக்கு 25 கிலோமீட்டருக்குள் பணம் எடுக்க வழி செய்ய வேண்டும்.

“கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை” என்கிறோமே, அதில் வரும் இரண்டு எட்டலும் இங்கே அப்படியே பொருந்துகின்றன. வங்கியைக் கட்டுப்படுத்துவது முதல் வகை, கடையைக் கட்டுப்படுத்துவது இரண்டாம் வகை. ஆகவே என் முன்மொழிவு: முதலாவது ‘காசு எட்டுகை’, இரண்டாவது ‘காசு ஏற்பு’. ‘அணுகல்’ ஏன் வேண்டாம் என்றால், அது ஆள் போய்ச் சேர்வதைச் சொல்கிறது. ‘எட்டுகை’யில் தூரமும் கூடவே வருகிறது. சட்டம் அளப்பதும் தூரத்தைத்தான்.

ரொக்கமா, காசா என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். தமிழ்நாட்டுக் கணக்குப் பதிவியல் பாடத்தில் ‘ரொக்க ஏடு’. இலங்கையில் ‘காசேடு’, ‘காசுப் பாய்ச்சல்’. பிரிட்டனில் இதைப் படிக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் ஈழத்தவர் என்பதால் நான் ‘காசு’ பக்கம். தமிழ்நாட்டு இதழுக்கு எழுதுபவர் ‘ரொக்க எட்டுகை’ என்றால் எனக்கு மறுப்பில்லை. ‘பணம்’ மட்டும் கூடாது. கார்டில் போவதும் பணம்தானே.

அப்புறம், ‘பேங்கிங் ஹப்’, அதாவது பல வங்கிகள் பகிர்ந்துகொள்ளும் ஒரே இடம். 2021இல் ஸ்காட்லாந்தின் கேம்பஸ்லாங்கிலும் எசெக்ஸின் ரோச்ஃபோர்டிலும் முதலில் சோதித்துப் பார்த்தார்கள். உள்ளே தபால் நிலையக் கவுன்டர் ஒன்று; முக்கிய வங்கிகள் எதில் கணக்கு வைத்திருந்தாலும் அங்கே பணம் எடுக்கலாம், போடலாம். பக்கத்தில் ஓர் அறை. திங்கட்கிழமை ஒரு வங்கியின் ஆள், செவ்வாய்க்கிழமை இன்னொன்றின் ஆள் என்று முறைவைத்து வந்து உட்காருவார்கள். ‘வங்கி மையம்’ என்று இழையில் ஐயா ஒருவர் எழுதியதில் இந்தப் பகிர்வு தெரியவில்லை. ‘கூட்டு வங்கிக்கூடம்’ எப்படி?

இன்னும் ஒன்று, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இழையில் எல்லோரும் எடுப்பதைப் பற்றியே பேசுகிறோம். பணம் போடுவதையும் அதற்குச் சமமாகவே பிரிட்டன் சட்டம் வைத்திருக்கிறது. இரவு கல்லாவை எண்ணி முடித்த கடைக்காரருக்கு அந்த வசூலைக் கொண்டுபோய்க் கட்ட அருகில் இடம் இல்லையென்றால், சீக்கிரமே அவரும் ‘கார்டு மட்டும்’ பலகையை மாட்டிவிடுவார். அதனால் வரையறையில் ‘எடுக்கவும் போடவும்’ என்ற இரண்டும் இருக்கட்டும்.

‘எட்டுகை’ எட்டு என்ற எண்ணோடு குழம்பும் என்று நினைப்பவர்கள் மாற்றுச் சொல் தாருங்கள். தூரம் அதில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.